முற்றத்தில் முளைத்தால் நஞ்சு, மீரிகமையில் முளைத்தால் பொன்னா?

மீரிகமையில், முதலீட்டுச் சபையின் வலயத்துக்குள், 64 ஏக்கர் நிலம் கஞ்சாப் பயிருக்கென ஒதுக்கப்பட்டதாக 2025 ஆகஸ்டில் செய்தி வெளியாயிற்று. முதலீட்டாளர் எழுவர் தெரிவாயினர்; எழுவரும் அந்நியர். ஒவ்வொருவரும் 50 இலட்சம் டொலர் முதலிட வேண்டும். 20 இலட்சம் டொலர் மத்திய வங்கியிற் பிணையாக வைக்க வேண்டும். சுற்றிலும் வேலி, வாயிலிற் காவல். விளைவது முழுவதும் கப்பலேறும். ஓர் இலையேனும் வேலிக்கு வெளியே இந்நாட்டு மண்ணில் விழலாகாது. இதுவே ஏற்பாடு.

அதே நாட்டில், அதே சட்டத்தின் கீழ், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு குடியானவன் தன் வளவின் மூலையில், தூதுவளைக்கும் ஆடாதோடைக்கும் நடுவே, அதே செடியில் ஒன்றை வைத்தால் என்ன நேரும்? பொலிசார் வருவர். செடி வேரோடு பிடுங்கப்படும். நட்டவன் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்படுவான். தண்டம் கட்டக் காசில்லையேற் சிறை. அவன் மறியலிற் கிடக்கும் நாளெல்லாம் அவனுடைய வயலுக்கு நீர் கட்டுவார் யார் என்று எந்தச் சட்டப் புத்தகமும் கேட்பதில்லை.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தாற் பொன்குடம் என்பார்கள். இங்கே மருமகள் குடத்தை உடைக்கவுமில்லை. தன் வீட்டுக் கிணற்றில் நீர் மொள்ளப் போனாள், அவ்வளவே.

ஒரு செடி நஞ்சென்றால் 64 ஏக்கரும் நஞ்சே. 64 ஏக்கர் மருந்தென்றால் ஒரு செடியும் மருந்தே. இரண்டிலொன்றை அரசாங்கம் சொல்லட்டும். இரண்டையும் ஒரே வாயாற் சொல்வதைத்தான் எம்மால் விழுங்க முடியவில்லை.

இந்தச் சட்டத்தின் பிறப்பைச் சற்றே பார்ப்போம். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருள், அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டம் வெள்ளையன் இயற்றியது. வெள்ளையன் போனான். 1972இற் குடியரசு வந்தது. 1978இல் இன்னொரு அரசியலமைப்பு வந்தது. அவன் எழுதிய இந்த ஏட்டை மட்டும் எவரும் தூக்கியெறியவில்லை. 1984இல் திருத்தினார்கள், இறுக்குவதற்காகவே திருத்தினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே வெள்ளையனின் ஆட்சிதான் 1893இல் இந்தியாவிற் கஞ்சாவை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அவ்வாணைக்குழு 1894இல் அறிக்கை தந்தது. அளவோடு கொள்வோருக்கு இதனாற் பெருங்கேடில்லை, முற்றாகத் தடைசெய்வது தேவையற்றது என்பதே அதன் முடிவு. அந்த அறிக்கையை எடுத்தாள எம்மவர்க்கு மனம் வரவில்லை. தண்டச் சட்டத்தை மட்டும் பூசித்து வந்தார்கள்.

இன்று அந்தப் பூசையிலும் ஓட்டை விழுந்துவிட்டது. 2022 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தை வாசித்த ரணில் விக்கிரமசிங்க, ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவதை ஆராய நிபுணர் குழுவொன்றைப் பிரேரித்தார். 2024இல் ஆட்சி மாறிற்று. முதலாளித்துவத்தை வாழ்நாளெல்லாம் வைததாகச் சொல்பவர்கள் அரசபீடம் ஏறினார்கள். அவர்கள் காலத்திலேதான் மீரிகமை வேலி எழுந்தது. கொடி மாறியதேயொழிய, டொலர் என்றதும் வாய் பிளக்கும் வழக்கம் மாறவில்லை.

இனி, எம் வாவிக்கரைக்கு வருவோம்.

படுவான்கரையில் ஒரு பரியாரியார் இருக்கிறார். பெயர் வேண்டாம். எண்பதைத் தாண்டியவர். பாட்டன் கையெழுத்திலுள்ள ஏடுகளைச் செம்பட்டுத் துணியிற் சுற்றி, சாமி அறையில் வைத்திருக்கிறார். வயிற்றோட்டத்துக்கு ஒரு சூரணம், நித்திரை வராத முதியோருக்கு ஒரு லேகியம், வாதத்துக்கு ஒரு தைலம் என அவர் வீட்டு மருந்தைத் தின்றே வளர்ந்த கிராமங்கள் பல. அந்த ஏடுகளிற் கோரக்கர் மூலி என்று வருமிடமெல்லாம் இந்தக் கஞ்சாவே. நன்றாகச் சுத்தி செய்து, பாலில் அவித்து, மற்றச் சரக்குகளோடு அளந்து சேர்க்க வேண்டிய மூலிகை அது. இப்போது அவர் அதை விட்டுவிட்டுத்தான் லேகியம் கிண்டுகிறார். கேட்டேன். "மனே, ஏட்டில இருக்கு, வளவில இல்ல. நான் என்னத்தச் செய்ய?" என்றார்.

அவருக்கும் ஒரு வழி வைத்திருப்பதாக அரசாங்கம் சொல்லும். அந்த வழி எத்தகையது? சுதேச வைத்தியத்துக்குக் கஞ்சாவைப் பயன்படுத்தச் சட்டம் இடங்கொடுக்கிறது, பயிரிட இடங்கொடுப்பதில்லை. ஆதலால் கள்ளக் கடத்தல்காரனிடமிருந்து பொலிசார் கைப்பற்றி, வழக்கு முடியும்வரை நீதிமன்றக் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்காய்க் கிடந்து, நிறமும் மணமும் வீரியமும் இழந்த சருகுதான் ஆயுர்வேத மருந்தாக்கத்துக்கென்று கையளிக்கப்பட்டு வந்தது. மருந்துச் சரக்கைப் பறிக்கும் பருவம், உலர்த்தும் முறை, வைக்கும் கலம் என்று நூல்கள் பக்கம் பக்கமாய் விதித்திருக்கின்றன. இங்கோ, கள்ளன் பறித்தது, பொலிசார் உலர்த்தியது, நீதிமன்று வைத்தது! வைத்தியன் நேர்மையானவனாயிருக்க, அவன் மருந்து மட்டும் திருட்டுச் சொத்தாயிருக்க வேண்டுமாம்.

இக்குறை ஆள்வோருக்குத் தெரியாததன்று. 2017இற் சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்னவே, வைத்தியர் கைக்குப் பழைய சரக்கே வருகிறதென்று சொல்லி, இங்கிரியவில் 100 ஏக்கரில் இராணுவக் காவலுடன் பயிரிடப்போவதாய் அறிவித்தார். அந்த 100 ஏக்கரின் பச்சை இலை படுவான்கரைப் பரியாரியின் உரலுக்கு எப்போது வந்தது? காத்தான்குடியிலும் ஏறாவூரிலுமுள்ள யூனானி வைத்தியரிடம் எப்போது வந்தது? திருகோணமலை வளாகத்திற் சித்த மருத்துவம் கற்று வெளியேறும் எம் பிள்ளைகள், தாம் பாடத்திற் படித்த மூலிகையைத் தம் தோட்டத்தில் வைத்தாற் குற்றவாளிகள். படிப்பது பட்டத்துக்கு, பயிரிடுவது மறியலுக்கு!

வெளிநாடுகளைப் பார்த்தும் ஒரு சொல். எம்மவர் பிழைக்கப் போன நாடுகளே பல இந்தச் செடியை வீட்டு வேலிக்குள் அனுமதித்துவிட்டன. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் ஒரு வீட்டுக்கு 4 செடி. ஜேர்மனியில் 2024 ஏப்ரில் முதல் வயது வந்த ஒருவருக்கு 3 செடி. உருகுவே 2013லேயே 6 செடிக்கு இடங்கொடுத்தது. ஜமேக்கா 2015இல் 5 செடிக்கு. தென்னாபிரிக்காவிலோ, 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றமே, வயது வந்தவன் தன் வீட்டிலே தன் தேவைக்கு வளர்ப்பது அவன் அந்தரங்க உரிமை என்றது. களுவாஞ்சிகுடியிற் பிறந்து ரொறன்ரோவில் வாழும் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் 4 செடியைத் தண்ணீரூற்றி வளர்க்கலாம். பிறந்த ஊரில் வாழும் அவருடைய தமையனார் ஒன்றையும் தொடலாகாது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் இத்தனை வேற்றுமையை எந்த விஞ்ஞானம் கண்டுபிடித்ததோ!

எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டுகிறேன். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அந்நாடுகள் வீட்டுக்காரனுக்கு ஏக்கர் கொடுக்கவில்லை, எண்ணிக் கொடுத்தன. அதிலேதான் இவ்விடயத்தின் உயிர்நிலை இருக்கிறது. தன் முற்றத்தில் இரண்டு செடி வைத்திருப்பவனுக்கு வாடிக்கையாளன் வேண்டியதில்லை. விளம்பரம் வேண்டியதில்லை. அடுத்த வீட்டுப் பையனைப் பழக்கிவிட வேண்டிய அவசியமும் இல்லை. 50 இலட்சம் டொலர் முதலிட்டவனுக்கோ இத்தனையும் வேண்டும். அவன் இலாபம், தின்போர் தொகை பெருகுவதிலேயே இருக்கிறது. இன்று ஏற்றுமதி மட்டுமே என்பான். ஏற்றுமதிச் சந்தையில் விலை விழுந்த மறுநாள் அவன் கண் எங்கே திரும்பும்? கேடு செடியிற் பாதியென்றால், வியாபாரத்தில் முக்காலே மூன்று வீசம். எம் அரசாங்கமோ வியாபாரத்தை வரவேற்று, வியாபாரமில்லாத ஒற்றைச் செடியைத் தடைசெய்திருக்கிறது. தலைகீழ்ப் பாடம் என்பது இதுதான்.

தாய்லாந்தைக் காட்டி எம்மை மடக்கப் பார்ப்பார்கள். காட்டட்டும். 2022 யூனில் அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கிற்று. ஒழுங்கு செய்யும் சட்டமோ பின்னால் வரும் என்றது. சட்டம் வருமுன் கடைகள் வந்துவிட்டன, ஆயிரக்கணக்கில். மூன்றாண்டு கழித்து, 2025 யூனில், வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கலாகாதென்று பின்வாங்க வேண்டியதாயிற்று. அங்கே ஊரைக் கெடுத்தது பாட்டி வீட்டுக் கொல்லையா, பட்டணத்துக் கடைத்தெருவா?

எம் மாவட்டத்துக்கும் இந்தப் பாடம் புதிதன்று. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்த நாள்தொட்டு, தன் தென்னையிலே தான் கள் இறக்கவும் அனுமதிப்பத்திரம் தேடித் திரிந்தான் ஏழை. போத்தலில் அடைத்த சாராயம் மட்டும் அரசாங்க முத்திரையோடு ஊரூராய் வந்தது. கள் தேய்ந்தது, கசிப்பு வளர்ந்தது. 2017இலே கல்குடாப் பக்கம் கும்புறுமூலையில் எதனோல் தொழிற்சாலை எழுந்தபோது மாவட்டமெங்கும் எதிர்ப்புக் குரல் கேட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். குடத்திலே இறக்கினாற் குற்றம், கோபுரம் போன்ற தொட்டியிலே வடித்தாற் கைத்தொழில்! அன்று மதுவில் நடந்தது இன்று மூலிகையில் நடக்கிறது.

இனி எதிர்வாதம். அதை ஒதுக்கித் தள்ள எனக்கு எண்ணமில்லை. எதிர்ப்பவர்களில் நான் மதிக்கும் ஆசிரியர்களும் தாய்மாரும் இருக்கிறார்கள். மனநல மருத்துவர்கள் சொல்வது உண்மை. வளரும் பருவத்துப் பிள்ளை இதைப் புகைத்தால் மூளைக்குக் கேடு. புத்தி பேதலிக்கும் அபாயம் கூடுகிறது, குடும்பத்தில் அந்நோய் இருப்பின் இன்னும் கூடுகிறது. ஆகவே 21 வயதுக்கு உட்பட்டவன் கைக்கு இது போகவே கூடாது என்பதில் நான் அவர்கள் பக்கம். கர்ப்பிணிகள் விடயத்திலும் அப்படியே. வாகனமோட்டுபவன் விடயத்திலும் அப்படியே. ஆனால் அவர்களை ஒன்று கேட்கிறேன். ஏறத்தாழ நூறாண்டாய்த் தடை இருக்கிறதே, பள்ளிக்கூட வேலியோரம் பொட்டலம் விற்பவன் ஒழிந்தானா? கேரளக் கஞ்சா என்ற பெயரிற் கடல் கடந்து வருவது நின்றதா? அதனிலும் கொடிய ஐஸ் என்னும் இரசாயன நஞ்சு கிராமங்களுக்குட் புகவில்லையா? பொட்டலக்காரன் பையனிடம் வயது கேட்பதில்லை. எதைக் கலந்தான் என்று சொல்வதுமில்லை. தடை அவனுக்கு வேலியாக அமையவில்லை, விலையாகவே அமைந்தது.

ஐக்கிய நாடுகளின் 1961ஆம் ஆண்டு உடன்படிக்கை கையைக் கட்டியிருக்கிறதென்று சில சட்டமறிந்தோர் சொல்வார்கள். மருத்துவத்துக்காகப் பயிரிடுவதை அது தடுக்கவில்லை; அரசின் மேற்பார்வை வேண்டுமென்கிறது. 2020 டிசம்பரில், அவ்வுடன்படிக்கையின் மிகக் கொடிய பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27 நாடுகள் வாக்களித்தன. 25 நாடுகள் எதிர்த்தன. நீக்க வாக்களித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அந்த இந்தியா 1985இற் கடுஞ்சட்டம் செய்தபோதும், பூங்கொத்துச் சேராத இலையை அச்சட்டத்தின் வரைவிலக்கணத்துக்கு வெளியே விட்டது. அதனாலேதான் உத்தரப்பிரதேசத்திற் பாங்கு அரசாங்க அனுமதிக் கடையிலேயே விற்கிறது. உடன்படிக்கை மீரிகமைக்கு வழிவிட்டதென்றால் படுவான்கரைக்கும் வழிவிடும்.

இதை வாசித்துவிட்டு எவரும் இன்றே விதை ஊன்றப் புறப்படலாகாது. சட்டம் சட்டமாயிருக்கும்வரை நட்டவனுக்குத்தான் விலங்கு. மீரிகமையாருக்கு வழக்கறிஞர் இருக்கிறார். உமக்கு யார் இருக்கிறார்? எல்லோரும் வளர்க்க வேண்டும் என்பதும் என் கட்சியன்று. நான் வெற்றிலை கூடப் போடுவதில்லை. என் வீட்டு முற்றத்துக்குத் துளசியும் கற்பூரவள்ளியும் போதும். ஆயினும் என் அயலவன் முற்றத்துக்கு ஒரு நீதி, அந்நியன் வலயத்துக்கு ஒரு நீதி என்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நாம் கேட்பது இது. பதிவுபெற்ற ஒவ்வொரு சுதேச வைத்தியருக்கும், சித்தராயினும் யூனானியாயினும், எண்ணிக் கொடுத்த செடிகளைத் தம் மருந்துத் தோட்டத்தில் வளர்க்க அனுமதிப்பத்திரம் முதலில் வேண்டும். கட்டணம் பரியாரி கட்டக்கூடியதாயிருக்க வேண்டும், டொலரிலன்று. தன் தேவைக்குச் சிறிதளவு வைத்திருந்த வயது வந்தவனை மறியலுக்கு அனுப்புவது நிற்க வேண்டும். வீட்டுக்கு இத்தனை செடி என்னும் சட்டம் இந்நாட்டுக்கு ஆகுமா ஆகாதா என்பதைப் பாராளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்க வேண்டும். இவை நடக்குமட்டும் மீரிகமை வேலிக்குள் புதிதாய் ஒரு செடியும் வைக்கலாகாது.

மட்டக்களப்பு மாவட்டம் ஐந்து உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. கட்சி எதுவாயினும் ஆகுக. ஐவரில் ஒருவர் எழுந்து சுகாதார அமைச்சரிடம் ஒரு வாய்மொழி வினாக் கேட்கட்டும்: ஏழு அந்நியருக்கு 64 ஏக்கர், இந்நாட்டு வைத்தியருக்கு எத்தனை செடி?