சாமி இல்லாத கலியாணம் செல்லுமா?

திருவிடந்தையில் நித்திய கலியாணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். தினம் ஒரு பெண்ணாக 360 பெண்களை அவர் மணந்தார் என்பது தல புராணம். கலியாணம் கூடிவராதவர்கள் மாலையோடு வந்து வேண்டிக்கொள்கிறார்கள். கலியாணம் ஆனதும் ஜோடியாக வந்து கும்பிடுகிறார்கள்.

இதே செங்கற்பட்டுச் சீமையில்தான் வேறு ஒரு குரலும் எழுந்தது. 1929-ம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டு நகரில் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெரியார் ஈ.வெ.ரா. முன்னின்று நடத்தினார். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும். துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள்.

புரோகிதர் இல்லாத கலியாணங்கள் பெருகின. சட்டம் அவற்றை ஏற்கவில்லை. இந்துச் சட்டப்படி இத்தகைய கலியாணம் செல்லாது என்று 1953-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஊரறிய மணந்தவள் மனைவி இல்லையா? அவள் பெற்ற பிள்ளைக்கு உரிமை இல்லையா? எத்தனை குடும்பங்கள் கலங்கியிருக்கும்!

1967-ல் முதல்-அமைச்சர் அண்ணா சட்டம் கொண்டுவந்தார். உற்றார், நண்பர் முன்னிலையில் இருவரும் சம்மதம் சொல்லி, மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். முன்பு நடந்த சுயமரியாதைக் கலியாணங்களும் செல்லும்!

அந்தச் சட்டம் எந்தக் கோயிலையும் மூடவில்லை. அக்கினி வலம் வருகிறவரைத் தடுக்கவும் இல்லை.

“கடவுள் பயம் போனால் ஒழுக்கம் போய்விடாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். மகளுக்கும் பங்கு கொடு என்று கேட்டது ஒழுக்கக் கேடா? 1989-ல் தமிழ்நாடும், 2005-ல் இந்தியா முழுவதும் அதையே சட்டமாக்கவில்லையா?

நாத்திகருக்கும் கடமை உண்டு. 1953-ல் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தமக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிறருடைய மத உணர்ச்சியை நீதிபதிகள் மதிக்க வேண்டும் என்று 1958-ல் அந்தக் கோர்ட்டு சொன்னது. நீதிபதிக்குச் சொன்ன புத்தி நமக்கும் பொருந்தும். கடவுளுக்குப் பயப்படாதவர் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட வேண்டும். வாதாடலாம், வற்புறுத்தக்கூடாது.

பெருமாளுக்கு மாலை சாத்துகிறவரும் குடிமகன். மேடையில் மாலை மாற்றுகிறவரும் குடிமகன். இருவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே உரிமை. அதுதான் ஜனநாயகம்!