முதல்வர் பதவியும் முடங்கிய அதிகாரமும்

விசுவமடுச் சந்தியில் வீதிவிளக்கொன்று அணைந்துவிட்டால் அதனை மீண்டும் ஒளிரச் செய்யும் கடமை புதுக்குடியிருப்புப் பிரதேச சபையைச் சார்ந்தது. விளக்கைத் தாங்கும் கம்பமோ மின்சாரத் துறையினருடையது. அதனருகே செல்லும் பரந்தன்–முல்லைத்தீவு வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. வீதிக்கப்பால் தொடங்கும் காடு வனத் திணைக்களத்தின் ஆட்சிக்குட்பட்டது. ஆக, அவ்வூர் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபைக்கு எஞ்சுவது மின்குமிழ் ஒன்றே!

இந்நிலைக்குப் பரிகாரமாகப் பலர் ஒரு மருந்தைக் கூறிவருகின்றனர்: வன்னிக்கு நகர சபைகளும் மாநகர சபைகளும் வேண்டும், தவிசாளருக்குப் பதிலாக முதல்வர் வேண்டும் என்பதே அது. வவுனியா மாநகர சபையாகி 2025ஆம் ஆண்டு முதற்றேர்தலையும் கண்டுவிட்டது. கிளிநொச்சி நகர மக்களோ அதே தேர்தலிலும் கரைச்சிப் பிரதேச சபைக்கே வாக்களித்தனர். இக்குறை நியாயமானதே. ஆனால் பெயர்ப்பலகையை மாற்றினால் அதிகாரம் தானே வந்துசேரும் என்பது பேதைமையாகும்.

சட்டத்தின் எழுத்தை மட்டும் நோக்கின் இலங்கையின் மாநகர முதல்வர் வலிமை குன்றியவரல்லர். 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் அவரையே சபையின் நிறைவேற்றுத் தலைவராக்குகின்றது. சென்னையிலோ நிறைவேற்றதிகாரம் இந்திய ஆட்சிப்பணியைச் சேர்ந்த ஆணையாளரிடம் உள்ளது. மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகின்றார். எனவே குறை முதல்வரைப் பற்றிய பிரிவில் இல்லை. அவருக்கு மேலும் கீழும் பின்னப்பட்டுள்ள வலையிலேயே அது இருக்கின்றது.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்ளலாம். நகரின் தூய்மையைப் பேணவும் ஒழுங்கை மீறுவோருக்குத் தண்டம் விதிக்கவுமென 2021 ஏப்ரலில் மாநகர சபை சிறு அணியொன்றை அமைத்தது. அவ்வணியினரின் சீருடை விடுதலைப் புலிகளின் காவற்றுறையினரது உடையை ஒத்திருந்ததெனக் கூறி முதல்வர் வி. மணிவண்ணன் கைதுசெய்யப்பட்டார், பின்னர் பிணையில் வெளிவந்தார். கொழும்பு மாநகர சபையின் ஊழியரும் அத்தகைய உடையே அணிகின்றனர் என்ற விளக்கம் எடுபடவில்லை. குப்பை போடுவோரைத் தடுக்கும் ஊழியனின் சட்டை நிறத்தைத் தீர்மானிப்பதற்கும் சுதந்திரமற்ற பதவிக்குப் பொற்சங்கிலி எதற்கு?

முதல்வருக்கு மிகையான அதிகாரம் அளிப்பின் அவர் எதேச்சாதிகாரியாகிவிடுவார் என அஞ்சுவோரும் உளர். அவ்வச்சத்துக்கான விடையும் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கின்றது. 2020 டிசம்பரில் வரவுசெலவுத் திட்டம் இருமுறை தோற்கடிக்கப்பட்டதால் இ. ஆர்னோல்ட் பதவியிழந்தார். உறுப்பினரின் கடிவாளம் போதிய அளவு இறுக்கமானதே. கடிவாளமின்றி இருப்பது மேலிடம். 2023 மார்ச்சில் நடைபெறவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் பிற்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்த பின்னரும் 2025 மே 6ஆந் திகதியே வாக்களிப்பு நிகழ்ந்தது. ஈராண்டுக்கு மேலாக அதிகாரிகளே சபைகளை நடத்தினர். புதுக்குடியிருப்பு மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. போர் ஓய்ந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளின் பின், 2018இலேயே அவர்களுக்குப் பிரதேச சபைத் தேர்தல் கிட்டியது.

பணத்தின் கதை இன்னும் கசப்பானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, அபிவிருத்தியடைந்ததென அனுமதியுடன் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்திலேயே சோலைவரி அறவிடலாம். வீதியும் வடிகாலும் இல்லாத ஊர் அபிவிருத்தியடைந்ததாகாது. வரியின்றி வீதியும் வடிகாலும் வருமாறில்லை. ஊழியரின் சம்பளத்துக்கோ மாகாண சபையின் கையை எதிர்பார்க்கவேண்டும். வடமாகாண சபையின் ஆயுளும் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதன்பின் ஆளுநரின் ஆட்சியே நிலவியது.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் விசுவமடுவில் பண்ணை நடத்தி, முன்னாள் போராளிகள் உட்படப் பலருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது பிரதேச சபையன்று. சிவில் பாதுகாப்புத் திணைக்களம். 2018இல் அதற்குப் பொறுப்பாயிருந்த இராணுவ அதிகாரி இடமாற்றம் பெற்றபோது மக்கள் கண்ணீர் மல்க வழியனுப்பினர். அக்காட்சியைக் கண்டு சினந்தவர் பலர். அம்மக்களுக்கு ஒரு நாட்கூலியையேனும் வழங்கும் வல்லமை அவர்களது சொந்தச் சபைக்கு ஏன் இல்லாதிருந்தது என்று அவர்களுள் எத்தனைபேர் வினவினர்?