மூடியாச்சு என்று சொல்லாதீர்கள்

பத்து ஆராங் போகிற நண்பர்கள் பழைய புகைபோக்கி முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். 1915இல் நிலக்கரிச் சுரங்கம் வந்தது, 1937இல் வேலைநிறுத்தம் நடந்தது, 1960இல் மூடியாச்சு. கதை முடிந்ததாம். உள்ளூர்ப் பல்கலையில் நாலு வருஷம் பொறியியல் படித்தவனாகச் சொல்கிறேன்: சுரங்கத்தின் கதை அப்படி முடியாது.

நிலத்தடியில் கரி வெட்ட, இரவு பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். சுற்றுவட்டார நீர்மட்டம் இறங்கும், கிணறு வற்றும். கரி எடுத்த வெற்றிடத்தில் மேல்பாறை சரிந்தால் வெடிப்பு விழும்; தனித்தனியாக இருந்த நீரடுக்குகள் கலக்கும். மூடிய பிறகு பம்பை நிறுத்துவார்கள். தண்ணீர் திரும்பி ஏறும், ஆனால் பழைய தண்ணீராக அல்ல. கரியிலும் பாறையிலும் பைரைட் இருந்தால், அது காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தைத் தரும், இரும்பு கரையும். அது கசிந்து சேரும் ஓடை துருநிறமாகும்.

'மேல்மண்ணைத் தொடவே இல்லையே' என்பது சுத்த ஏமாற்று வாதம். பத்து ஆராங்கிலேயே, கீழே சுரங்கம் இருப்பதால் மேலே கட்டடம் கட்டப் பல காலம் கட்டுப்பாடு இருந்தது.

எந்த நாடாக இருந்தாலும், நீர்மட்டம் நிலைத்து, தண்ணீர் சுத்தம் என்று சோதனையில் தெரியும்வரை சுரங்க நிறுவனத்தின் வைப்புத்தொகையைத் திருப்பித் தரக்கூடாது. நாமும் வேலைநிறுத்தத்தோடு பேனாவை மூடிவைக்காமல் கிணற்றையும் எழுத வேண்டும். புகைபோக்கி படத்தில் விழும். தண்ணீர் விழாது.