ஈசா டவுன் டைரி: குப்பூஸ் கவரும் கல்யாண மழையும்

மூணு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டல. தீசிஸ் ஆணி ஓவர். போன வருஷம் தை மாசம் நடந்த ஒரு விஷயத்தை எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். நேத்து ராத்திரி இங்கே நாலு தூறல் விழுந்துச்சு. சரி, இனிமே தள்ள முடியாதுன்னு உக்காந்துட்டேன்.

பஹ்ரைன்ல மழையான்னு ஊர்ல கேக்குறாங்க. பெய்யும் சாமி. வருஷம் முழுக்கப் பெய்யறதைக் கூட்டினாலும் சராசரி 100 மில்லிமீட்டரைத் தொடாது, அவ்வளவுதான். சென்னைக்கு வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டருக்குப் பக்கம். ஆனா இங்கே பெய்யற கொஞ்சமும் நவம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரலுக்குள்ள முடிஞ்சிடும். அதே மாசங்கள்லதான் வெட்டவெளியில மனுஷன் நிக்கவே முடியும். ஜூலையில புல்வெளியில ரிசப்ஷன் வச்சா மாப்பிள்ளை உருகி ஓடிடுவார். ஆக, வெளியில கல்யாணம் பண்ண ஏத்த மாசமும் மழை மாசமும் இங்கே ஒண்ணேதான்.

நம்ம ஊர்லயும் கதை அதேதான், யோசிச்சுப் பாருங்க. ஆடி வேணாம், மார்கழி வேணாம்னு ஒதுக்கிட்டு ஐப்பசி, கார்த்திகையில முகூர்த்தம் வைக்கிறோம். வடகிழக்குப் பருவமழை கொட்டுற நேரம் அது. மண்டபம் இருக்கறதால தப்பிக்கிறோம்.

சரி, கதைக்கு வருவோம். நான் இருக்கறது ஈசா டவுன்ல சித்தப்பா வீட்டுல. எதிர் வீட்டு மாமா பாளையங்கோட்டைக்காரர். கட்டடப் பராமரிப்பு வேலை, 27 வருஷமா பஹ்ரைன். பொண்ணு இங்கேயே படிச்சு வளர்ந்தவங்க, எனக்கு அக்கா மாதிரி. கல்யாணம் ஊர்ல தை முதல் வாரம். அப்புறம் இங்கே ஒரு கிளப் புல்வெளியில ரிசப்ஷன். "போட்டோ நீ எடுத்துரு தம்பி"ன்னார் மாமா. படிப்பு விசாவுல இருக்கறவன் காசு வாங்கி வேலை செய்யக் கூடாது. அதனால பிரியாணிதான் சம்பளம் :-)

ஏழரை மணிக்கு மேடையில மாலை மாத்திக்கிட்டு இருக்கும்போது மொத சொட்டு விழுந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல சடசடன்னு பிடிச்சிடுச்சு. சனமெல்லாம் ஷாமியானாவுக்குள்ள ஓடுது. வீடியோ கால்ல ஊர்லேருந்து பாத்துக்கிட்டு இருந்த ஆச்சி கத்துறாங்க: "சின்னதுல பச்சரிசி திங்காத, கல்யாணத்துல மழ வரும்னு சொன்னேன், கேட்டாளா!" பரிமாற வந்த பஹ்ரைனி பையன் வானத்தைப் பாத்து "கைர், கைர்"னு சிரிக்கிறான். நல்லது, நல்லதுன்னு அர்த்தம். மழை வேண்டித் தொழுகை நடத்துற ஊர் இல்லையா.

நான் என்ன பண்ணேன்? கேமராவைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துட்டு ஓடினேன். ரெண்டு வருஷம் காசு சேத்து வாங்கினது, மழைக் காப்பு எதுவும் கிடையாது. பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தா, புல்வெளி நடுவுல மாமா மட்டும் நிக்கிறார். கோட்டு சூட்டோட, முகத்தை மேல தூக்கி, கண்ணை மூடிக்கிட்டு. ஒரு நிமிஷம் இருக்கும். நான் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னேன். கை ஜிப்புக்குப் போகவே இல்லை.

மழை கொஞ்சம் தணிஞ்சதும் அக்கா வந்து "ஏய், இதுல எடு, நல்லா இருக்கும்"னாங்க. அப்பத்தான் புத்தி வந்துச்சு. சமையல் பக்கம் போய் ஒரு காலி குப்பூஸ் கவர் வாங்கினேன். துணுக்கெல்லாம் உதறிட்டு, லென்ஸ் நீட்டிக்க ஒரு ஓட்டை, ஹூட் மேல ரப்பர் பேண்ட். இன்னொரு கவர்ல ஃபிளாஷ். அடுத்த முக்கால் மணி நேரத்துல எடுத்தது எல்லாமே அந்த ஆல்பத்துல இருக்கற நல்ல படங்கள். கத்துக்கிட்டதைச் சொல்றேன், உங்களுக்கு உதவும்.

1. மழை படத்துல தெரியணும்னா வெளிச்சம் பின்னாலேருந்து வரணும். கேமரா மேலேயே ஃபிளாஷ் போட்டா லென்ஸுக்குப் பக்கத்துல இருக்கற துளியெல்லாம் வெள்ளை வெள்ளைப் புள்ளியா வந்து மூஞ்சியை மறைக்கும். நான் ஃபிளாஷை ஜோடிக்குப் பின்னால ஒரு நாற்காலியில வச்சேன். ஒவ்வொரு துளியும் பாசிமணி மாதிரி மின்னுச்சு.

2. நடுத்தரமான துளி வினாடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்துல விழும். ஷட்டர் 1/60 வச்சா பத்து சென்டிமீட்டருக்கு மேல கோடா இழுக்கும். 1/500ல ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். கோடு வேணுமா, துளி வேணுமான்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. ஃபிளாஷைக் குறைஞ்ச அளவுல வச்சா அதோட வெளிச்சம் ரொம்பச் சின்ன நேரம்தான் அடிக்கும், துளி அப்படியே அந்தரத்துல நிக்கும்.

3. குடை முக்கியம். சிவப்புக் குடை பிடிச்சா மூஞ்சி சிவக்கும், கறுப்புக் குடை இருட்டடிக்கும். கண்ணாடி மாதிரித் தெரியற பிளாஸ்டிக் குடைதான் சரி. ஈசா டவுன் பழைய சாமான் சந்தையில நாலு வாங்கி வச்சிருக்கேன் இப்ப.

4. பட்டுப்புடவையில தண்ணி பட்டா திட்டு விழும். பொண்ணு தானா வந்தா மட்டும் எடுங்க. நம்ம படத்துக்காக அவங்களை நனைய வைக்கக் கூடாது.

5. சீரியல் லைட்டு, மைக், ஜெனரேட்டர் வயர் இருக்கற பக்கம் போகவே போகாதீங்க. முதல்ல மெயினை அணைக்கச் சொல்லுங்க. படத்தை அப்புறம் பாத்துக்கலாம்.

6. இங்கே மழைத்துளியோட தூசியும் சேந்து வரும். லென்ஸைத் துணியால நேரடியாத் தேய்ச்சா கீறல்தான். முதல்ல ஊதுங்க, அப்புறம் ஒத்தி எடுங்க.

7. வெளியில குளிர்ல இருந்த கேமராவை ஆள் நிறைஞ்ச கதகதப்பான ஹாலுக்குள்ள கொண்டு போனா ஆவி படிஞ்சுடும். பையை மூடி இருபது நிமிஷம் அப்படியே வைங்க. சென்னையில இதுக்கு நேர் எதிர், ஏசி ரூம்லேருந்து வெளியே வந்தா மூடுபனி.

8. நனைஞ்சுட்டா ஆன் பண்ணிப் பாக்காதீங்க. பேட்டரி, கார்டைக் கழட்டுங்க. அரிசி டப்பாவுல புதைக்காதீங்க, மாவுதான் உள்ள போகும். சிலிக்கா ஜெல் பாக்கெட் போதும்.

ஒண்ணு சொல்லிடறேன், எல்லா மழையும் விளையாட்டு இல்லை. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி அமீரகத்துல அல் ஐன் பக்கம் ஒரே இடத்துல 24 மணி நேரத்துக்குள்ள 254 மில்லிமீட்டர் கொட்டுச்சு, 1949லேருந்து எழுதி வச்ச கணக்குலயே அதுதான் அதிகம். அப்படி வந்தா கேமராவைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க.

பத்து நாள் கழிச்சு ஆல்பம் குடுக்கப் போனேன். எல்லாருக்கும் சந்தோஷம். மாமா ஒவ்வொரு பக்கமா மெதுவாத் திருப்பிக் கடைசி வரைக்கும் போயிட்டு, மறுபடி முதல்லேருந்து பாத்தார்.

"நான் நனைஞ்சுக்கிட்டு நின்னேம்லா, அதுல ஒண்ணு எடுத்தியா தம்பி?"

"இல்ல மாமா."

"பரவால்ல, பரவால்ல."

அப்புறம் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். இந்த ஊர்ல மழைன்னாலே அவருக்கு போன்தான். மொட்டை மாடி ஒழுகுது, பேஸ்மென்ட்ல தண்ணி, பம்ப்பு கொண்டு வா. இவங்க சின்னப் பிள்ளையா மழையில ஆடின ராத்திரியெல்லாம் அவர் எவன் வீட்டுத் தண்ணியையோ இறைச்சுக்கிட்டு இருந்திருக்கார். "27 வருசத்துல அன்னைக்குத்தான் போனை அமத்திட்டு மழையில நின்னேன். அதான் கேட்டேன்."

எனக்கு டீ இறங்கல.

அந்த நிமிஷம் எங்கேயுமே பதிவாகலையான்னா, ஆகியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுப் பொடியன் ஒருத்தன், எட்டு வயசு, அவங்க அம்மா போன்ல ஒன்பது செகண்ட் எடுத்திருக்கான். பாதி அவன் விரல், மீதி ஆட்டம். நடுவுல ரெண்டு செகண்ட் மாமா தெரியறார், முகத்தை மேல தூக்கிக்கிட்டு. ரெண்டு வாரம் அவரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல தினமும் அதுதான் ஓடுச்சு. என் ஆல்பத்துலேருந்து ஒண்ணுகூட வரல. பையன் கேமரா நனையுமேன்னு யோசிக்கல, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பாப்போம், ஆணி குறைஞ்சா.

பி.கு: இப்ப என் கேமரா பையில எப்பவும் மூணு குப்பூஸ் கவர் இருக்கு. சித்தி குப்பைன்னு ஒருவாட்டி தூக்கிப் போட்டுட்டாங்க. மறுபடி குப்பூஸ் வாங்கி நானே தின்னு தீர்த்தேன் :-)