சராசரியில் சேராதவர்கள்

ஒரு வருஷம் எங்கள் அலுவலகத்தில் கோப்பு முடிய ஆகும் சராசரி நாள் 18 என்று கணக்குப் போட்டு மேலே அனுப்பினேன். அதிகாரி கூப்பிட்டுப் பாராட்டினார். அதே வாரம் ஓர் அம்மா என் மேசை முன் வந்து நின்றார். "சார், இன்னும் எத்தனை நாள் நடக்கணும்?" என்று கேட்டார். கணவர் இறந்தபின் வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம். கோப்பு இரண்டு வருஷமாகப் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. முடிந்த கோப்புகளுக்குத்தானே சராசரி போடுவோம்? என் அறிக்கையில் பொய் ஏதும் இல்லை. அந்த அம்மாவும் அதில் இல்லை.

உயிரியற்பியல் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க அந்த அம்மாவின் ஞாபகம்தான் வருகிறது.

புதுச்சேரியில் நாங்கள் பௌதிகத்தைப் பிரெஞ்சில் படித்தோம். ழான் பெரேன் பெயரைச் சொன்னால் எங்கள் ஆசிரியர் முகம் மலரும். 1908 வாக்கில் பாரீசில் அவர் தண்ணீரில் மிதக்கும் மரப்பிசின் துகள்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார். அந்தத் தள்ளாட்டத்தை அளந்தே மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டார். 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் உயிர்வேதியியல் வெகுகாலம் சோதனைக் குழாயை நம்பியே இருந்தது. குழாயில் கோடானுகோடி மூலக்கூறுகள். கிடைப்பது அவற்றின் சராசரி. லேசர் ஒளியாலேயே நுண்மணியைப் பிடித்து நிறுத்தும் வித்தையை ஆர்தர் ஆஷ்கின் கண்டுபிடித்த பிறகு நிலைமை மாறியது. அதற்கான நோபல் 2018இல், அவருடைய 96ஆவது வயதில் வந்தது! செல்லுக்குள் சுமை தூக்கும் கைனசின் என்னும் புரதம் ஒன்றை அந்த ஒளியில் பிடித்து 1993இல் அளந்தார்கள். ஓர் அடிக்கு 8 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வைக்கிறது, நிற்கிறது, மறுபடி வைக்கிறது. சராசரியில் இந்தத் தயக்கம் தெரியவே தெரியாது.

முழு செல்லுக்கும் இதே கதைதான். பெனிசிலினில் பெரும்பாலான கிருமிகள் சாக, சில மட்டும் தப்புவதை 1944இல் ஜோசஃப் பிக்கர் எழுதினார். அவற்றின் சந்ததி மறுபடி அதே மருந்துக்குச் சாகிறது. ஆகவே இது பரம்பரை எதிர்ப்புச் சக்தி இல்லை. 2004இல் நதாலி பலபானும் கூட்டாளிகளும் ஈ.கோலை கிருமிகளைத் தனித்தனியாகப் பார்த்தபோது விடை கிடைத்தது. தப்பியவை மருந்து வருமுன்பே வளராமல், அல்லது மிக மெதுவாக வளர்ந்து கிடந்தவை. வளர்கிற கிருமியைத்தான் அந்த வகை மருந்து நன்றாகத் தாக்கும். காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை தருவதற்கு இப்படித் தூங்கும் கிருமிகளும் ஒரு காரணம். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர், சராசரியைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடுகிறவர்.

"ஒற்றை மூலக்கூறைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பணத்தில் பத்துப் பள்ளிக்கூடம் கட்டலாமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பள்ளிக்கூடமும் வேண்டும்தான். ஆனால் நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை மொத்தக் கணக்கு காட்டாதபோது, ஒன்றொன்றாய்ப் பார்க்க ஆள் வேண்டாமா? சராசரியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது இல்லாமல் நிர்வாகமும் நடக்காது, வைத்தியமும் நடக்காது. அதோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன். எந்த அறிக்கையானாலும் சராசரிக்குப் பக்கத்தில், அதிக நாள் காத்திருப்பவர் யார், எத்தனை நாள் என்று ஒரு கட்டம் இருக்கட்டும்.

அந்த அம்மாவின் கோப்பை அந்த வாரமே முடித்துக் கொடுத்தேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மேலே எழுத மட்டும் அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. அதைத்தான் இப்போது இங்கே எழுதுகிறேன்.