பதினொரு பெயர்களுக்கு முன்னால்

எமது கல்லூரித் தமிழ் மன்றத்தில் இம்முறை விவாதத் தலைப்பு, "இலங்கை டெஸ்ட் அணித் தெரிவில் மாவட்ட ஒதுக்கீடு வேண்டும்" என்பதாகும். பெண்கள் கல்லூரியில் கிரிக்கெட் விவாதமா என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் இரு தரப்பினரும் நன்றாகவே பேசினார்கள். நேரம் பார்த்து மணியடிக்கும் வேலை எனக்கு; ஆகவே வாய் திறக்க முடியவில்லை. அன்று மனதுக்குள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒதுக்கீடு வேண்டும் என்றவர்கள் பல்கலைக்கழக அனுமதியை உதாரணமாகக் காட்டினார்கள். எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. வன்னியிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குப் போக அந்த வழி இருக்குமானால், டெஸ்ட் அணிக்குப் போக ஏன் ஒரு வழி இருக்கக் கூடாது என்று கேட்டார்கள். மண்டபத்தில் பலத்த கைதட்டல்.

கேள்வி நியாயமானது. ஆனால் ஒப்பீடு பிழை. பல்கலைக்கழக அனுமதி என்பது கற்பதற்கான வாசல். உள்ளே போன பிறகு கொழும்புப் பிள்ளையும் முல்லைத்தீவுப் பிள்ளையும் ஒரே பரீட்சையைத்தான் எழுதுகிறார்கள். இறுதிப் பரீட்சைக்கு மாவட்டப் புள்ளி கிடையாது. டெஸ்ட் அணி அந்த இறுதிப் பரீட்சை. காலி மைதானத்தில் ஐந்தாம் நாள் பந்து திரும்பும்போது, துடுப்பெடுத்து நிற்பவர் எந்த மாவட்டத்தவர் என்று பந்து பார்ப்பதில்லை. ஒதுக்கீடு வேண்டியது வாசலில். கிரிக்கெட்டின் வாசல் பதினைந்து வயதில் திறக்கிறது. அது திறக்கும் இடம் எங்கே என்பதுதான் என் கேள்வி.

டெஸ்ட் தொப்பி அணிந்த நம்மவர்கள் சிலரின் பாடசாலைகளைப் பாருங்கள். முத்தையா முரளிதரன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரி. ரசல் ஆர்னோல்ட் கொழும்பு புனித பேதுரு கல்லூரி. பர்வீஸ் மஹ்ரூப் வெஸ்லி கல்லூரி. ஜெஹான் முபாரக் ரோயல் கல்லூரி. நவீட் நவாஸ் டி.எஸ். சேனாநாயக்க கல்லூரி. தமிழர், முஸ்லிம்கள் என்று நாம் பெருமையோடு சொல்லும் இவர்கள் எல்லோரும் கொழும்பிலோ கண்டியிலோ படித்தவர்கள். ஆகவே இனத்தின் பெயரால் கதவு அடைக்கப்பட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அடைபட்டிருப்பது இடத்தின் கதவு.

முரளிதரன் 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவர் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராகத்தான் இருந்தார். பதினான்கு வயதளவில் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்னதால் சுழற்பந்துக்கு மாறினார். அந்த வயதில், அந்த மைதானத்தில், அப்படிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் இல்லாவிட்டால் 1992 ஆகஸ்டில் தெரிவுக்குழுவின் முன்னால் முரளிதரன் என்ற பெயரே போயிருக்காது. அதே வயதில் எங்கள் பக்கத்துப் பையன்கள் குளக்கட்டுக்குக் கீழே, வயல் காய்ந்த தரையில், மென்பந்தில் விளையாடுகிறார்கள். மென்பந்துச் சுற்றுப்போட்டி என்றால் ஊரே திரளும். பரிசுக்குக் கோழியும் கிடைக்கும். ஆனால் டெஸ்ட் போட்டி கடினப்பந்தில், புற்தரை ஆடுகளத்தில் நடப்பது. சீமெந்துத் தளத்தின் மேல் விரிப்பைப் போட்டு விளையாடிப் பழகியவனுக்கு, புற்தரையில் பந்து எப்படி எழும், எப்படித் திரும்பும் என்று யார் சொல்லிக் கொடுப்பது? கடினப்பந்து விளையாடக் காலுறை, கையுறை, தலைக்கவசம் எல்லாம் வேண்டும். ஒரு கூலித் தொழிலாளியின் மாதச் செலவுக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

வரலாற்றையும் மறந்துவிட்டுப் பேச முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் போனவர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். இங்கே எஞ்சியிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு 2009 மே வரையும் யுத்தம். இலங்கை உலகக் கிண்ணம் வென்ற 1996இல், ஜயசூரிய மாத்தறையிலிருந்தும் முரளிதரன் கண்டியிலிருந்தும் வந்து, கொழும்புக்கு வெளியேயும் திறமை உண்டு என்று காட்டினார்கள். பின்னர் காலிப் பக்கத்து மாலிங்கவும் குருநாகல் ரங்கன ஹேரத்தும் வந்தார்கள். தெற்கிலும் மத்தியிலும் கதவுகள் திறந்த அந்தக் காலத்தில் வன்னி மைதானங்களில் எதுவும் நடக்கவில்லை. அந்த இடைவெளியைத் தெரிவுக்குழு உண்டாக்கவில்லை. ஆனால் அது இல்லை என்பது போல அவர்கள் பட்டியல் எழுதவும் முடியாது.

இனி நவீட் நவாஸைப் பற்றி. எங்கள் வாப்பாமார் இன்னும் சூடாகப் பேசும் விடயம் இது. 2002 ஜூலையில் பங்களாதேஷுக்கு எதிராக எஸ்.எஸ்.சி. மைதானத்தில் அவர் அறிமுகமானார். முன்னணி வீரர்கள் பலருக்கு ஓய்வு கொடுக்கப்பட்டிருந்த போட்டி. முதல் இன்னிங்ஸில் 21, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 78. சராசரி 99. அதன் பிறகு ஒரு டெஸ்ட் கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தொடரோடு அரவிந்த டி சில்வா டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார். ஓரிடம் வெற்றிடமாகவே இருந்தது. அவர் முஸ்லிம் என்பதால்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதே போட்டியில் அறிமுகமான ஜெஹான் முபாரக்குக்குப் பிறகும் வாய்ப்புகள் கிடைத்தன. என் குறை வேறு. ஒருவரை ஏன் எடுத்தோம், ஏன் விட்டோம் என்று தெரிவாளர்கள் வாய் திறந்து சொல்லும் பழக்கம் இருந்தால் இந்தச் சந்தேகம் இருபது வருடங்களுக்கு மேலாக உயிரோடு இருக்குமா? எங்கள் நாட்டில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அனுமதியும் வேண்டும். அமைச்சரின் கையெழுத்துக்குப் போகிற பட்டியலோடு காரணங்களையும் ஒரு தாளில் எழுதி மக்களுக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? நவாஸோ தன் வழியைப் பார்த்துக்கொண்டார். 2020இல் பங்களாதேஷின் 19 வயதுக்குட்பட்ட அணி இந்தியாவை வென்று உலகக் கிண்ணம் எடுத்தபோது, பயிற்றுநர் அவர்தான்.

ஒதுக்கீட்டுத் தரப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லாத ஒரு நாடு உண்டு: தென்னாபிரிக்கா. 2016இல் அந்நாட்டுக் கிரிக்கெட் சபை, ஒரு பருவகாலம் முழுவதும் சராசரியாக அணியில் ஆறு பேராவது வெள்ளையர் அல்லாதவராகவும், அவர்களுள் இருவராவது கறுப்பின ஆபிரிக்கராகவும் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. டெம்பா பவுமாவை "ஒதுக்கீட்டு வீரர்" என்று எத்தனை பேர் இகழ்ந்தார்கள். 2025 ஜூனில் லோர்ட்ஸ் மைதானத்தில் அவர் தலைமையில்தான் தென்னாபிரிக்கா அவுஸ்திரேலியாவை வென்று டெஸ்ட் சம்பியனானது. கால் தசை பிடித்து நொண்டிக்கொண்டே 66 ஓட்டங்கள் எடுத்தார். இதைப் பார்த்துவிட்டு ஒதுக்கீடே கூடாது என்று அடித்துப் பேச என்னால் முடியாது. ஆனால் அவருக்கு முன்னோடியான மக்காயா நிட்டினியின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாடு மேய்த்த கிராமத்துப் பையன் அவர். கிரிக்கெட் சபையின் அபிவிருத்தித் திட்டத்தினர் ஊருக்கே போய் அவரைக் கண்டுபிடித்தார்கள். நல்ல பாடசாலையில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். 390 டெஸ்ட் விக்கெட்டுகளுக்கு அதுதான் தொடக்கம். ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஆகவே, பதினொரு பேரைத் தெரியும்போது ஓட்டமும் விக்கெட்டும் மட்டும் பேசட்டும். அதற்குக் கீழே, 15, 17, 19 வயதுக் குழாம்களிலும் பயிற்சி முகாம்களிலும் எங்கள் மூன்று மாவட்டங்களுக்கும் கட்டாயமாக இடம் ஒதுக்கப்படட்டும். மாவட்டத்துக்கு ஒரு புற்தரை ஆடுகளமாவது வேண்டும். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, சந்தோஷம். ஆனால் சர்வதேச மைதானம் பார்க்கப் போகும் இடம். பிள்ளை தினமும் விளையாடும் இடம் பாடசாலை மைதானம். அந்தக் கல்லின் செலவில் ஒரு சிறு துண்டு போதும் எங்களுக்கு.

இவ்வளவும் ஆண்களைப் பற்றியே பேசிவிட்டேன். விவாத மண்டபத்திலும் அப்படித்தான் நடந்தது. பேசிய எட்டுப் பேரும் பெண்கள், ஒருவரும் பெண்கள் அணியைத் தொடவில்லை. இலங்கைப் பெண்கள் இதுவரை விளையாடிய டெஸ்ட் போட்டி ஒன்றே ஒன்று. 1998 ஏப்ரலில் கொழும்பு கோல்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானை 309 ஓட்டங்களால் வென்றார்கள். சமனி செனவிரத்ன ஆட்டமிழக்காமல் 105 ஓட்டங்கள் எடுத்தார். வென்ற அணிக்கு அடுத்த போட்டியே கிடைக்கவில்லை! 2017 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 178 ஓட்டங்கள் குவித்தவர், 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் தூக்கியவர் சமரி அத்தபத்து. அவரிடம் ஒரு டெஸ்ட் தொப்பி இல்லை. அவரைத் தெரிவுக்குழு விட்டுவிடவில்லை. தெரிவு செய்ய ஓர் அணியே இல்லை. ஆண்கள் அணியில் ஆறாவது இடத்துக்கு யார் என்று வாரக்கணக்கில் பேசும் பத்திரிகைகள் இதற்கு ஒரு பந்தி ஒதுக்கலாம்.

எங்கள் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. உடை ஒரு தடையென்றால், ஸ்கொட்லாந்து அணியின் அப்தஹா மக்சூத் ஹிஜாப் அணிந்தே சுழற்பந்து வீசுகிறார். மற்றத் தயக்கங்கள் எனக்குப் புரியும். தூரப் பயணம், இரவில் திரும்புவது, யார் கூடப் போவது, எங்கே தொழுவது. இவை வீண் பயங்கள் அல்ல. அதனால்தான் பெண் பயிற்றுநர் ஒருவரை எங்கள் மாவட்டத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். பெண்களுக்கான மாகாணத் தெரிவை ஒரு முறையாவது வவுனியாவில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கல்வித் திணைக்களத்துக்கு எழுதும் கடிதமாக அது போகலாம். தெரிவு வவுனியாவில் நடந்தால் சுபஹுக்குப் பிறகு புறப்பட்டு, அஸருக்கு முன் வீடு வந்து சேரலாம். உம்மாவும் கூட வரலாம்.