மின்கார் சார்ஜர்: மலிவு விலையா, சரியான விலையா?

மின்சாரக் கார் வாங்குவோர் கூடிவரும் வேளையில், வீட்டில் சார்ஜர் பொருத்த ஒரே தாமானில் ஆளுக்கொரு விலை சொல்லப்படுகிறது.

பெரும்பாலும் இதற்குக் காரணம் சார்ஜர் அல்ல, வயர். 7 கிலோவாட் சார்ஜர் சுமார் 32 ஆம்பியர் மின்சாரத்தை மணிக்கணக்கில் இழுக்கும். குளியலறை ஹீட்டரோ சில நிமிடங்களில் நின்றுவிடும். எனவே மெயின் பெட்டியிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை தடித்த தனி வயர், தனி பிரேக்கர், மின்கசிவுத் தடுப்பான், எர்த் ஆகியவை தேவை. பெட்டி தொலைவில் இருந்தால் வயரோடு கூலியும் ஏறும். பழைய வீடுகளில் ஒற்றை ஃபேஸ் இணைப்பு ஏர்கோனோடு இதையும் தாங்குமா என்று கணக்கிட வேண்டும்.

வீட்டைப் பார்க்காமல் வாட்ஸ்அப்பில் சொல்லும் விலையில் இவற்றுள் ஏதாவது விடுபட்டிருக்கலாம். வேலை கைநழுவுமோ என்று விலையைக் குறைக்கும் நம் வயர்மேனுக்கும் நஷ்டமே.

எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரிடம், பொருள், கூலி, சோதனை எனப் பிரித்தெழுதிய விலைப்பட்டியல் கேட்பதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு.